மலைக்குக் கட்டிய படங்கும் அதன் பின்விளைவுகளும்

பின்விளைவுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஐந்து பேர் கூடி ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்து, குடித்த கோப்பையைக் கீழே வைத்து, எழுந்திருக்கப் போகிற அந்த நொடியில் ஆறாவதாக ஒருவர் தொண்டையைச் செருமுவார் பாருங்கள். அவர்தான்.

அவரை எதிர்ப்பாளர் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்ப்பாளர் வேறு இனம். அவரைச் சமாளிப்பது சுலபம். எழுந்து கத்துவார், நாற்காலியைத் தள்ளிவிடுவார், வெளியே போய் பீடி பற்றவைப்பார். அந்த பீடி முடிவதற்குள் நாம் காரியத்தை முடித்துவிடலாம். பின்விளைவுக்காரர் வெளியே போவதே இல்லை. கோபம் வராது. குரல் உயராது. "நான் வேணாம்னு சொல்லல. இதோட பின்விளைவு என்னன்னுதான் கேக்குறேன்" என்பார். அவ்வளவுதான். எழுந்தவர்கள் எல்லோரும் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டில் டீவி வாங்கினால் வந்து தடவிப் பார்த்து, "நல்ல சாமான்தான். இடி இடிச்சா?" என்பார். குழந்தை பிறந்தால் தூக்கிக் கொஞ்சி, "ரொம்ப சந்தோசம். பல்லு மொளைக்கிற நேரம் கடிக்கும்" என்பார். சாவு வீட்டில் மட்டும், பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, இனி இவருக்கு எந்தப் பின்விளைவும் இல்லையே என்று வாயடைத்து நிற்பார். அவர் வாழ்க்கையில் நிம்மதியாக இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

இலங்கையின் ஊவா மலைகளில் இந்த இனத்துக்குச் சிறந்த மாதிரி வேண்டுமென்றால் லூக்காஸ் ஐயாவைப் பாருங்கள். பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு நிரை கொழுந்து பிரித்துக் கொடுத்து, மாலையில் அவர்கள் கூடையைக் கிளறி முற்றின இலையைப் பொறுக்கி வெளியே போட்டே காலத்தைக் கழித்தவர். கிளறிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற மறுநாள் கூடை இல்லை. எனவே ஊரில் நடக்கிற எல்லாவற்றையும் கிளற ஆரம்பித்தார்.

இது இடையில் வந்த பழக்கம் என்றும் சொல்ல முடியாது. மாதா கோவிலில் அவருடைய கல்யாண ஓலையை வாசித்த அன்று, "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம்" என்று சாமியார் வழக்கம்போலச் சபையைப் பார்த்துக் கேட்டார். முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மாப்பிள்ளையின் கை.

"தடை ஒன்னுமில்ல சாமி. கலியாணத்துக்குப் பின்னாடி வரக்கூடியதப் பத்தித்தான்..."

மணப்பெண்ணின் தகப்பன் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மணப்பெண் அகஸ்டினா அன்றைக்கு அழவில்லை. "பேச ஆரம்பிச்ச அந்தப் பேச்சை இந்த மனுசன் இன்னும் முடிக்கல" என்று இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர்களுடைய வீடு லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசியில் இருந்தது. அதன் கூரை ஒழுகியது. அது மட்டுமா, அந்த லயத்தில் எல்லாக் கூரையும் ஒழுகியது. தகரம் துருப்பிடித்து, ஓட்டையும் தகரமும் சரிபாதிப் பங்காளிகளாக இருந்தன. மழைக்காலத்தில் அகஸ்டினா சட்டி, வாளி, சோற்றுப்பானை மூடி என்று வீட்டில் குழியாக இருக்கிற எல்லாவற்றையும் தரையில் பரப்புவார். கட்டிலை மட்டும் எங்கே போடுவது? ஒரு மூலையில் போட்டால் அந்த மூலை ஒழுகும்; மறு மூலைக்கு இழுத்தால் மழைக்கு எப்படித்தான் தெரியுமோ, அதுவும் கூடவே வரும். அந்தக் கட்டில் அந்த வீட்டில் பார்க்காத இடமில்லை. சற்று அனுமதித்திருந்தால் இஸ்தோப்புத் திண்ணை வழியாக இறங்கிப் பெரகல சந்தி வரைக்கும் போயிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான், கச்சான் காற்று மலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம், நிரஞ்சலா வந்து சேர்ந்தாள். பதுளைப் பெண். கலை படித்தவள். பெரிய பெரிய இடங்களில், திறந்தவெளியில், கொஞ்ச நாள் மட்டும் இருந்துவிட்டுக் காணாமல் போகிற கலைப் பொருட்களைச் செய்பவள். லயத்துப் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டி வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"மலைக்குப் போற பொம்பளைங்க எல்லாம் நனையாம இருக்க இடுப்புல படங்கு, அந்தக் கெட்டித் தார்ப்பாய்த் துண்டு, கட்டுறீங்க. இத்தன வருசமா நம்மகூட நிக்கிற மலைக்கு யாரும் ஒன்னும் கட்டி விட்டதில்லயே. எதிர்ல இருக்கே அந்தப் புல்மலை, அதோட இடுப்புல ஒரு பெரிய வெள்ளைப் படங்கு கட்டப் போறோம். பத்தே நாள்."

ஒரு குழந்தை அழுதது. பெண்கள் சங்கத்துத் தலைவி பெரியாயி, கொழுந்து பறிக்கும் கையால் கன்னத்தைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"ஏம்மா, மலைக்குக் குளிருதுன்னு ஒங்கிட்ட சொல்லிச்சா?"

"இல்லக்கா. இது கலை."

"சரி, கலை. பத்து நாளைக்குப் பொறகு அந்தப் படங்கு என்னாகும்?"

"லயத்துக்குத்தான். வெட்டி வீட்டுக்கு வீடு குடுத்துருவோம். நல்ல கனமான படங்குக்கா, மழைக்கு அசையாது. கூரைக்குப் போட்டுக்குங்க."

கலை என்றால் என்ன என்பது மேற்கணக்குக்கு அந்த நொடியில் விளங்கியது. கைதட்டலில் பிள்ளைக் காம்பராவின் கூரையிலிருந்தே துரு கொட்டியது. மழை தொடங்குவது ஒக்டோபரில். அதற்குள் அனுமதி கிடைக்கவில்லை என்றால் படங்கைத் தெற்கே ஒரு கடற்கரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அங்கேயும் கேட்டிருக்கிறார்கள் என்றாள் நிரஞ்சலா. கடற்கரைக்கு ஏது கூரை? எல்லோரும் நம் மலைக்கே கட்டுவது என்று முடிவெடுத்து எழுந்தார்கள்.

பின் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

புல்மலை அரசாங்கக் காணி. அரசாங்கக் காணியில் அவ்வளவு பெரிய ஒன்றை விரிப்பதென்றால், பத்து நாளாகவே இருந்தாலும், புல்லுக்கும் பூச்சிக்கும் என்ன ஆகும் என்று முதலில் பார்க்க வேண்டும். அது நியாயமான சட்டம்தான். அதற்காகப் பிரதேச செயலகத்திலிருந்து றிப்னா என்ற சுற்றாடல், அதாவது சுற்றுச்சூழல், உத்தியோகத்தர் வந்தார். இளம் பெண், வேலையைச் சுருக்காகவும் சுத்தமாகவும் முடிப்பவர். இதே மாதிரி வேலையை இரண்டு வாரத்தில் முடித்துக் கொடுத்தவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது. பாவம், அங்கெல்லாம் லூக்காஸ் ஐயா இல்லை.

மதிப்பீட்டுக் குழுவில் நாலு பேர். றிப்னா, பெண்கள் சார்பில் பெரியாயி, கடைக்காரர்கள் சார்பில், பெரகல சந்தியில் கயிறும் சாக்கும் விற்கிற ஜௌபர் முதலாளி, பொதுமக்கள் சார்பில் லூக்காஸ் ஐயா. லூக்காஸ் ஐயாவை யார் தெரிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். நாற்காலி போட்டார்கள். வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மிஸ், எங்கூரையும் ஒழுகுது. இந்தப் படங்குல எனக்கும் ஆதாயம் இருக்கு. ஆதாயம் இருக்கிறவன் ரெட்டிப்பாப் பாக்கணும். நாளைக்கு ஒருத்தன், தங்கூரைக்காக லூக்காஸ் வளைஞ்சு குடுத்தான்னு சொல்லிறக் கூடாது."

றிப்னா அசந்துபோனார். இப்படி ஒரு நேர்மையான மனிதரா! அந்த நேர்மைதான் நம் கதையின் கஷ்டமே என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை.

முதல் கூட்டத்தில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. புல்லுக்குப் பத்து நாள் வெயில் படாது. அவ்வளவுதான். "அது திரும்ப மொளச்சிரும், பெரிய பாதிப்பு இல்ல. கையெழுத்து வெச்சிரலாம் ஐயா" என்றார் றிப்னா. பெரியாயியும் ஜௌபர் முதலாளியும் சட்டைப் பையிலும் முந்தானையிலும் பேனா தேடினார்கள்.

"நான் வேணாம்னு சொல்லல," என்றார் லூக்காஸ் ஐயா. "ஒரு மலையை இப்புடி ரூமுக்குள்ள குந்திக்கிட்டா பாக்கிறது? நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பெரட்டு."

மறுநாள் காலை, பனி மூடிய புல்மலையடியில், நாலு பேர் கொண்ட குழுவை லூக்காஸ் ஐயா வரிசையில் நிறுத்தினார். தானும் வரிசையில் நிற்க வேண்டியவர் என்பது அவருக்கு மறந்துபோனது. மலையைக் கையால் வகிர்ந்தார். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரைக்கும் ஜௌபர் முதலாளிக்கு ஒரு நிரை, அங்கிருந்து காட்டோரம் வரைக்கும் பெரியாயிக்கு ஒரு நிரை, பள்ளம் மிஸ்ஸுக்கு, மேடு தனக்கு.

"ஆளுக்கொரு நிரை. அடிலருந்து தொங்கல் வரைக்கும் ஏறி, என்னென்ன பாதிப்பு வரும்னு பாத்துப் பொறுக்கிக்கிட்டு வரணும். வெறுங்கூடையோட யாரும் எறங்கக் கூடாது. எறங்கினா அரைப்பேர்தான்."

"அரைப்பேர்னா என்ன?" என்று றிப்னா பெரியாயியின் காதில் கேட்டார்.

"கொழுந்து கொறைஞ்சா அரைநாள் சம்பளந்தான் போடுவாங்க மிஸ்."

"நமக்குத்தான் இதுக்கு ஒரு சம்பளமும் இல்லயே?"

"இல்லதான். ஆனாலும் அந்த வார்த்தையக் கேட்டா கை தானா கூடையத் தேடுது."

இதைத்தான் கவனிக்க வேண்டும். சம்பளமே இல்லாத வேலைக்கு அரைச் சம்பளம் என்று மிரட்டினால் வேறு எந்த ஊரிலாவது யாராவது பயப்படுவார்களா? பெரியாயி பயந்தார். கூரைக்குப் படங்கு வேண்டும் என்று மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் ஒருசேர நேர்ந்துகொண்டிருந்த அதே பெரியாயி, வெறுங்கூடையோடு கணக்கப்பிள்ளைக்கு முன்னால் போய் நிற்பதா என்று புல்லை விலக்கி விலக்கித் தேடினார். தன் தலைக்கு வரவேண்டிய படங்கில் தானே குற்றம் தேடி வேர்க்க விறுவிறுக்க மலை ஏறினார். ஜௌபர் முதலாளி மலையேறியே பழக்கமில்லாதவர். மூச்சு வாங்கிக்கொண்டு, ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும் என்று காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்றே அகப்பட்டது.

இறங்கி வந்ததும் நிறுவை.

"காத்து," என்றார் ஜௌபர் முதலாளி. "படங்குக்குள்ள பூந்தா கயித்த அத்துக்கிட்டுப் போயிரும். நம்மகிட்ட நல்ல கயிறு ஈக்கிது, ஆனா..."

"கயிறு வியாபாரம் அப்புறம். காத்து நல்ல பாதிப்பு. கொழுந்தா இருக்கு. அடுத்தாளு?"

"குளவி," என்று சொல்லிவிட்டுப் பெரியாயி நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடியில ஒரு கூடு இருக்கு ஐயா. மூடினா வெளிய வர வழி இருக்காது. ஆனா சின்னக் கூடுதான் ஐயா. ரொம்பச் சின்னது."

"குளவியில சின்னது பெருசு இல்ல. நீங்க சொல்லுங்க மிஸ்."

"புல்லு. அன்னக்கிச் சொன்னதுதான்."

"அது முத்தின பாதிப்பு. இருந்தாலும் போடுவோம்."

அப்புறம் லூக்காஸ் ஐயா தன் கூடையைக் கவிழ்த்தார். இரண்டு கூடை என்றுதான் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி குடும்பத்தோடு இறங்குகிற தடம் படங்கின் நடுவே போகிறது. பன்றிக்கு யார் வழி சொல்வது? வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாகப் போகிற காலம் இதுவல்லதான், ஆனாலும் ஒன்றே ஒன்று பிந்திப்போய் வழி தப்பி இந்தப் பக்கம் வந்தால்? பௌர்ணமி அன்று நிலா வெளிச்சம் வெள்ளைப் படங்கில் பட்டுத் தெறித்தால் லயத்துச் சேவல் விடிந்துவிட்டது என்று கூவும். சேவல் கூவினால் ஆட்கள் எழுந்து பெரட்டுக்குப் போவார்கள். போனால் தொரை படுத்திருப்பார். தொரையைத் தட்டி எழுப்பினால் அதன் பின்விளைவு?

றிப்னா தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, சேவல் சுற்றாடலுக்குள்ள வருதா?"

"வேலிக்கு வெளிய கூவினா சுற்றாடல்தானே மிஸ்?"

ஒவ்வொரு பாதிப்புக்கும் ஒரு பரிகாரம் வேண்டும் அல்லவா? அதைக் கண்டுபிடித்த பெருமை ஜௌபர் முதலாளிக்குத்தான். எப்படியாவது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், "ஒரு ஓட்டையப் போட்டா காத்து அதால போயிரும்" என்றார். எல்லோர் முகமும் மலர்ந்தது. எவ்வளவு சுலபம்! காற்றுக்கு ஓட்டை. குளவி வெளியே வர ஓட்டை. புல்லுக்கு வெயில் பட, புள்ளி புள்ளியாக ஓட்டை. பிந்திப்போன வண்ணத்துப்பூச்சிக்கு, சிறகில் உரசாத அளவில் ஒரு வட்ட ஓட்டை. பன்றிக்குக் குடும்பத்தோடு போகத்தக்கதாக ஒரு கதவு. சேவலுக்கு? வெள்ளை அதிகமாக இருப்பதுதானே பிரச்சினை. அங்கங்கே நாலு ஓட்டை போட்டால் வெள்ளை குறைந்துவிடும்.

இந்த மட்டில் நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் லூக்காஸ் ஐயா மழையைக் கொண்டுவந்தார்.

"காலம் தப்பி ஒரு மழை பெஞ்சிருச்சுன்னு வைங்க. படங்கு மேல தண்ணி தேங்கி, ஒரே அடியா ரோட்டுல கொட்டினா? அதனால, மேல விழுற மழை அங்கங்கேயே கீழ எறங்கணும். நிபந்தனையாப் போட்டுருங்க."

பெரியாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஐயா, மழை எறங்கக் கூடாதுன்னுதானே ஐயா படங்கு?"

"அது கூரையில. இது மலையில. கூரை நம்ம ஆய்வு எல்லைக்கு வெளிய. ஒன்னொன்னாப் பாப்போம்."

"ரெண்டும் ஒரே படங்குதானே?"

"அதான் சொல்றேனே. ஒன்னொன்னா."

அகஸ்டினா வீட்டில் இதைக் கேள்விப்பட்டு, அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கோதுமை ரொட்டியை நடுவில் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தார். லூக்காஸ் ஐயா அதைப் பார்த்தார். ஓட்டையைச் சுற்றிவரச் சாப்பிட்டார். சரியானதைச் செய்கிறவனுக்கு வீட்டில் மரியாதை இருக்காது என்பது அவருக்குத் தெரியும். மனதுக்குள் அவருக்கு அந்த மனைவி மேல் இரக்கம்தான். கூரை ஒழுகும்போது அவர் இழுக்கிற கட்டிலின் மறு தலைப்பைப் பிடித்து இழுப்பது அகஸ்டினாதானே. அதனாலேயே, அந்தப் படங்கு ஒரு குறையும் இல்லாமல், நாளைக்கு யாரும் விரல் நீட்டாதபடி வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டு, மறுநாள் போய் இன்னும் ஆறு ஓட்டைகளுக்கு இடம் குறித்துவிட்டு வந்தார்.

இதற்கிடையில் இடத்தைப் பார்வையிடுவது விடாமல் நடந்தது. குழு ஏறியது, குழுவுக்குக் குடை பிடிக்க ஆள் ஏறியது, தேநீர்ப் போத்தலோடு ஆள் ஏறியது, இவர்கள் ஏன் ஏறுகிறார்கள் என்று பார்க்க ஊரே ஏறியது. செப்டெம்பர் பிறந்தபோது புல்மலையில் புல் இல்லை. "இந்த இடத்தில் இனந்தெரியாதோரால் ஏற்கனவே கடும் பாதிப்பு ஏற்படுத்தப்பட்டுள்ளது" என்று சேர்க்கச் சொன்னார் லூக்காஸ் ஐயா. றிப்னா அவரது செருப்பைப் பார்த்தார். அதில் புல் ஒட்டியிருந்தது. சொன்னபடி எழுதிக்கொண்டார். மழைக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும் என்பதற்காக அவர் எதற்கும் தலையாட்டுகிற நிலைக்கு வந்திருந்தார்.

வரைந்த படத்தில் இருந்த ஓட்டைகளை நிரஞ்சலா எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டாள்.

"ஐயா, இது படங்கா, சல்லடையா?"

"நான் வேணாம்னு சொல்லலயே மகள்."

அவள் மலையைப் பார்த்தாள். லயத்துத் தகரங்களைப் பார்த்தாள். நாட்காட்டியைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

வெட்ட வெட்ட, வெட்டி விழுந்த துண்டுகளிலும் லூக்காஸ் ஐயாவுக்கு ஒரு பின்விளைவு தட்டுப்பட்டது. காற்றில் பறந்து மாடு தின்றுவிட்டால்? ஆகவே, ஒரு துண்டுகூட வெளியே போகாமல் பொறுக்கிப் பத்திரப்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டுப் பெரியாயியிடம் ஒப்படைத்தார். பெரியாயி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பிள்ளைக் காம்பராவில் வைத்தார். அந்த மனிதர் அந்தக் காலம் முழுவதும் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். அதையும் தெரிந்து செய்யவில்லை.

செப்டெம்பர் நடுவில் மலைக்குப் படங்கு கட்டியாயிற்று. சுற்றுலாவுக்கு எல்ல நகருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வேன் பிடித்து வந்து படம் எடுத்தார்கள். "மலைக்கு ஏன் கொசுவலை போட்டிருக்கு?" என்று பஸ்ஸில் போனவர்கள் கேட்டார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா, இந்த ஓட்டைகளின் உட்பொருள் என்ன என்று நிரஞ்சலாவிடம் கேட்க, அவள் லூக்காஸ் ஐயாவைக் கைகாட்டினாள். அந்த அம்மா அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

லூக்காஸ் ஐயா பத்து நாளும் பன்றிக் கதவுக்குப் பக்கத்தில் காவல் இருந்தார். ஒரு மாலையில் பன்றி வந்தது. பின்னால் குட்டிகள். கதவுக்கு முன்னால் நின்றது. மோந்து பார்த்தது. பிறகு படங்கைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகப் போயிற்று. அதற்கும் அதன் பின்விளைவு தெரிந்திருக்க வேண்டும்.

மழைக்கு முன்பே படங்கு இறங்கியது. பங்கு பிரிக்கும் நாள் வந்தது. நல்ல துண்டு யாருக்கு, ஓட்டைத் துண்டு யாருக்கு என்று லயத்தில் சண்டை மூளும்போல் இருந்தது. பெரியாயி மேடையேறாத குறையாக ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார்.

"சத்தம் போடாதீங்கடி. தோட்டத்து வழக்கம் என்ன? அவங்கவங்க நிரையில பறிச்சது அவங்கவங்க கூடைக்கு. யாரு எந்த ஓட்டையக் கண்டுபுடிச்சாங்களோ, அந்தத் துண்டு அவங்களுக்கு. எனக்குக் குளவி ஓட்டை. ஜௌபர் மொதலாளிக்குக் கூரை தேவையில்ல. மிச்சம் யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லூக்காஸ் ஐயாவுக்கு இதில் குற்றம் காண முடியவில்லை. எந்தப் பக்கம் கிளறினாலும் நியாயமாக இருந்தது. பன்றிக் கதவும், வண்ணத்துப்பூச்சியும், இரண்டு சேவல் ஓட்டைகளும் அடங்கிய துண்டை வாங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மற்றப் பெண்கள் அன்றே பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து, சாக்கை அவிழ்த்து, எந்தத் துண்டு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று பொருத்திப் பார்த்து, சாக்கு ஊசியால் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்து, தையலின் மேல் தார் பூசினார்கள். ஒரு வாரத்தில் லயம் முழுக்க வெள்ளைக் கூரை. லூக்காஸ் ஐயாவின் பன்றிக் கதவுக்காக வெட்டிய துண்டும் அவருடைய சின்னத் துண்டுகளும் மட்டும் சாக்கின் அடியில் மிஞ்சின.

"எடுத்துக்கிட்டுப் போங்க ஐயா, தச்சுக்கலாம்," என்றார் பெரியாயி.

"தைக்கலாம். வேணாம்னு சொல்லல. தச்ச எடம் வெயிலுக்குச் சுருங்குமா, சுருங்கினா துணி இழுக்குமா, இழுத்தா தகரம் தூக்குமான்னு கொஞ்சம் பாத்துட்டு..."

பார்த்துக்கொண்டே இருந்தார். படங்கைத் தைக்காமல் அப்படியே கூரையில் விரித்து, நாலு கல்லை வைத்து, முற்றத்தில் நாற்காலி போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒக்டோபர் வந்தது. ஒரு மதியம், நமுனுகுல மலை தெரியாமல் வானம் மூடி, மழை இறங்கியது.

சாதாரண மழை அல்ல. பன்றிக் கதவு வழியாக, குடும்பத்தோடு இறங்கியது. நேரே கட்டிலின்மேல். சேவல் ஓட்டைகள் வழியாக அடுப்புக்கு இரண்டு தாரை. வண்ணத்துப்பூச்சி ஓட்டை வழியாக, அளவு பார்த்தாற்போல, மாதா படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கில் ஒரு சொட்டு. விளக்கு அணைந்தது.

லூக்காஸ் ஐயா குடையை விரித்துக்கொண்டு கட்டிலின் நனையாத ஓரத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது.

"அகஸ்டினா, இங்க வந்து பாரேன். படங்கு மேல ஒரு சொட்டுத் தேங்கல. விழுற மழை அங்கங்கேயே எறங்குது. சொன்னபடி!"

அகஸ்டினா பார்த்தார். மழையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கடைசியாகக் குடைக்குள் இருந்த மனிதரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரைத் திட்டாத நாளில்லை; அன்றைக்குத் திட்டவில்லை. அதுதான் லூக்காஸ் ஐயாவுக்குப் பயமாக இருந்தது.

மழை சற்று விட்டதும் அகஸ்டினா பெரியாயி வீட்டுக்குப் போனார். வரும்போது இரண்டு பேரும் வந்தார்கள். பெரியாயியின் தோளில் ஏணி. அகஸ்டினாவின் கையில் பன்றிக் கதவுத் துண்டு, சின்னத் துண்டுகள், சாக்கு ஊசி, ஒரு டின் தார், ஒரு பந்து நைலோன் நூல். ஏணியைச் சுவரில் சாத்தினார்கள்.

"ஏணியப் புடிங்க," என்றார் அகஸ்டினா.

லூக்காஸ் ஐயா குடையை வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்ததும் தொண்டையைச் செருமினார். "நான் வேணாம்னு..."

"வாயத் தொறங்க."

திறந்தார்.

"இந்த நூலப் பல்லுல கடிச்சுக்குங்க. நான் மேலருந்து இழுக்க இழுக்கக் கொஞ்சங் கொஞ்சமா விடணும். விட்டீங்கன்னா முழுசும் ரோட்டுக்கு உருண்டுரும். கடிச்சுக்கிட்டே இருக்கணும்."

பெரியாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தார் டின்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார். கீழே, ஈரத் தகரத்தில் கால் வழுக்கும் என்பதும், ஏணியின் மூன்றாவது படி உளுத்தது என்பதும், தார் ஈரத்தில் பிடிக்காது என்பதும், இன்னும் பெயர் வைக்காத நாலைந்தும் லூக்காஸ் ஐயாவின் தொண்டை வரைக்கும் வந்து வந்து நூலில் முட்டித் திரும்பிப் போயின. அவர் கண்கள் மட்டும் அகலமாகித் திறந்து திறந்து மூடின. மேலே ஊசி போய்ப் போய் வந்தது. யாரும் வழுக்கவில்லை. படி உடையவில்லை. மறுபடி மழை பிடிப்பதற்குள் கதவும் மற்ற ஓட்டைகளும் மூடப்பட்டன. ஊவாவில் அந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரின் முன்னால், பின்விளைவு என்ற சொல் ஒருமுறைகூட ஒலிக்காமல் ஒரு காரியம் நடந்து முடிந்தது அன்றைக்குத்தான்.

உங்களுக்கு இதைப் படிக்கச் சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மழை நனைத்த தகரத்தில், அந்த வயதில், இரண்டு பெண்கள் ஏறினார்கள் என்று வாசித்தபோது, "அது சரி, தார்தான் ஈரத்தில் ஒட்டாதே" என்று உங்கள் மனதில் ஒரு மூலையில் ஏதோ செருமியதா? நைலோன் நூல் எத்தனை வெயிலுக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டீர்களா? அப்படியானால் பரவாயில்லை, வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் யாராவது ஏணியைச் சாத்திவிட்டு உங்களைப் பார்த்து நூல் நீட்டினால், எதற்கு என்று கேட்காமல் வாங்கி, பேசாமல் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள்.